கேத்தலுக்குப் புள்ளடி

என் வயதுக்காரர்களுக்கு ஒரு மணம் ஞாபகமிருக்கும். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பால்மா ரின்னில் ஊற்றி, அடுப்பில் வைத்துக் கிண்டும்போது எழும்பும் புளித்த மணம். தேர்தல் வருகிறது என்பதை எங்களுக்கு அந்தப் பசைதான் முதலில் சொன்னது. வானொலி பிறகுதான் சொன்னது. இப்போது வேட்பாளர்களின் முகங்கள் கைத்தொலைபேசியிலேயே வந்து விழுகின்றன. அன்றைக்கு அவை சுவரில் வந்தன, தென்னை மரத்தில் வந்தன, பள்ளிவாசல் கிணற்றடியிலும் வந்தன. பாங்கு சொல்லும் மோதினார் திட்டித் திட்டிக் கிழித்தார்.

அது கச்சான் காற்றுக் காலம். கற்பிட்டிப் பக்கம் கச்சான் வீசத் தொடங்கினால் சோற்றிலும் மணல், கண்ணிலும் மணல். ஒட்டிய போஸ்டரில் பாதியைக் காற்று உரித்துக்கொண்டு போகும். மீதியைக் கழுதைகள் தின்னும். மாப்பசையின் ருசி அவற்றுக்குப் பிடித்துப்போயிருந்தது. சம்மாட்டியின் சிரித்த முகத்தை ஒரு கழுதை மீசையிலிருந்து தொடங்கி ஆறுதலாக நக்கித் தின்றதை நாங்கள் பிள்ளைகள் நின்று பார்த்தோம். சம்மாட்டியின் ஆட்கள் ஓடிவந்து கழுதையை அடித்தார்கள். அது வாயில் பாதி முகத்தோடு களப்புத் தண்ணீர்ப் பக்கம் ஓடியது.

சம்மாட்டி யாரென்று சொல்லவேண்டும். வள்ளமும் வலையும் இயந்திரமும் சொந்தமாக வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். நாங்கள் குடியிருந்தது கண்டக்குழிக்கும் அப்பால், களப்போரம். குடியிருப்பில் பாதிப்பேர் அவருடைய வள்ளங்களில்தான் தொழிலுக்குப் போனார்கள். என் வாப்பாவும் போனார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். நோன்புக்குப் பேரீச்சம்பழம் அனுப்புவார். யாராவது மவுத்தானால் அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் தேர்தல் வந்தால் எங்கள் வாக்குகள் அவருடையவை. அவர் கைகாட்டிய கட்சிக்கு அவை போகும். அந்த வருடம் பிரதேச சபைக்கு அவரே நின்றார்.

எங்கள் வீட்டில் மாமியும் இருந்தார். வாப்பாவின் ஒரே தங்கை; அண்ணனை நானா என்று கூப்பிடுவார். மாமா சவூதியில் சாரதி வேலை. அதற்கு முந்திய மாரியில் மாமிக்குப் பிள்ளைவலி கண்டது. பெரிய தெருவிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு அப்போது வெறும் மணல்பாதைதான். கூட்டிப்போன வான் வண்டி மணலில் புதைந்தது. ஆண்கள் தள்ளினார்கள், சக்கரத்துக்கடியில் பலகை போட்டார்கள், ஓலை போட்டார்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. ஆண்பிள்ளை.

மாமி அழுததை நான் காணவில்லை. பேச்சுத்தான் குறைந்துபோனது. வந்தவர்கள் எல்லாரும் "அல்லாட நாட்டம்" என்றார்கள். மாமியும் "ஓம்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர், யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அல்லாட நாட்டம்தான். ஆனா ரோட்டுப் போடாதது மனிசன்ட வேல."

உம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

சம்மாட்டிக்கு எதிராகச் சுயேச்சையில் நின்றவர் ஒரு தபால்காரர். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய குழுவுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் சின்னம் கிடைத்தது. ஊரே சிரித்தது. "தேத்தண்ணி ஊத்த ஆள் வந்திட்டு" என்று கடைகளில் கதை. அவர் சைக்கிளில், ஒற்றை ஆளாக, கையில் கொஞ்சம் துண்டுப்பிரசுரங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாப்பா மரியாதைக்கு உட்காரக் கதிரை போட்டார். சம்மாட்டியின் ஆட்கள் யாராவது பார்க்கிறார்களா என்று வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டே போட்டார்.

மனிதர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது, உள்வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"உங்களுக்குப் போட்டா ரோட்டு வருமா?"

வாப்பா திடுக்கிட்டார். தபால்காரர் சீலையைப் பார்த்து நின்றார்.

"வரும் எண்டு சொல்லமாட்டன் தங்கச்சி. நான் ஒரு ஆள். அங்க போய்க் கேப்பன். தராட்டித் திரும்பவும் கேப்பன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

"மத்தவங்க எல்லாரும் வரும் எண்டுதான் சொன்னாங்க" என்றார் மாமி.

"ஓம். அந்த மணல்லதான் நானும் இப்ப சைக்கிள உருட்டிக்கொண்டு வந்தன்."

அவர் போனபிறகு மாமி, அவர் வைத்துவிட்டுப் போன துண்டுப்பிரசுரக் கட்டை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். தனியாகப் பெண்பிள்ளை வீடுவீடாகப் போவது சரியில்லை, ஒரு துணை வேண்டும். நான் போனேன். அப்படித்தான் அந்தக் கச்சான் காலம் முழுவதும் எங்கள் குடியிருப்பின் எல்லா அடுக்களைகளையும் கண்டேன். பின்வாசல்களால் போனோம். ஆண்களிடம் கேட்கும் வேட்பாளர்கள் முன்வாசலோடு நின்றுவிடுவார்கள். மாமி அடுப்படியில் குந்தியிருந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு கதைத்தார்.

பெண்களின் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்.

"எங்கட வோட்டா? அத ஆம்புளயள் போட்டுருவாங்களே புள்ள."

உண்மை அதுதான். வாக்காளர் அட்டைகள் வீட்டுக்கு வந்ததும் சம்மாட்டியின் கணக்கப்பிள்ளை வந்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போவார். தேர்தலன்று வேறு யாரோ, எங்கள் பெண்களின் பெயர்களில் வாக்குப் போட்டுவிட்டு வருவார்கள். மேசையில் அட்டையைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்கமாட்டார்கள். அப்போது அடையாள அட்டை கட்டாயமில்லை. பொடியன்கள் விரல் மையைப் பப்பாசிப் பால் பூசி அழித்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றதாகவும் கதை. என் உம்மா கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலிலும் வாக்களித்தது கிடையாது. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் அவருடைய வாக்கு விழுந்திருந்தது.

உம்மாவுக்கு மாமியின் இந்த நடமாட்டம் பிடிக்கவில்லை. "புள்ள, உண்ட நானா அவர்ட வள்ளத்தில போறவர். நாளைக்கு ஏறாத எண்டு சொன்னா நாங்க என்னத்தத் திங்கிற?" என்று கேட்டார். மாமி சண்டை பிடிக்கவில்லை. "அது எனக்கும் பயம்தான் மதினி" என்றார். மறுநாளும் போனார்.

ஊரில் கதை கட்டினார்கள். புருஷன் பக்கத்தில் இல்லாதவள், தபால்காரர் ஏதோ கொடுக்கிறார், பிள்ளை போனதில் மூளை குழம்பிவிட்டது. நான் சின்னவள் என்று என் முன்னாலேயே சொன்னார்கள். இப்போது அந்தப் பெரியவர்களின் வயதில் இருந்து யோசிக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணுக்கு உண்மையில் ஒரு பாதைதான் வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

பெண்கள் கூடுகிற இடம் கருவாட்டு வாடி. நெத்தலியை அவித்துப் பாயில் பரப்பி, காகம் விரட்டிக்கொண்டு நிற்கும் வேலை. அங்கே மன்னாரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் வேலை செய்தார். எல்லோரும் மன்னார் ராத்தா, அதாவது மன்னார் அக்கா, என்போம். போரில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, பக்கத்து முகாமில் ஓலைக்குடிலில் இருந்தார். வந்த புதிதில் அவர்களோடு எங்கள் பெண்கள் அவ்வளவாகச் சேரவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குறைந்ததற்கும், வாடியில் கூலி குறைந்ததற்கும் அவர்கள்தான் காரணம் என்ற எண்ணம் இருந்தது. மாமி துண்டுப்பிரசுரத்தைக் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது அவர்தான் இடையில் வந்தார்.

"அப்படிச் சொன்னா விளங்காது தங்கச்சி. போட்டுக் காட்டோணும்."

ஒரு வெறும் பிஸ்கட் ரின்னின் மூடியில் கத்தியால் கீறல் போட்டு வாக்குப்பெட்டியாக்கினார். சீமெந்துப் பைத் தாளைக் கிழித்து, கரித்துண்டால் கேத்தல் ஒன்றும் வேறு சின்னங்களும் கீறினார். "இதுக்கு நேர, இந்தக் கூட்டுக்குள்ள, குறுக்கும் மறுக்குமா ரெண்டு கீறு, அதுதான் புள்ளடி. கோட்டுக்கு வெளிய போனா அது பழுது" என்றார். அவருடைய வாப்பா ஊரில் தேர்தல் முகவராக இருந்தவராம்.

பெண்கள் மீன் மணக்கும் கையோடு வரிசையில் நின்று புள்ளடி போட்டுப் பழகினார்கள். என்ன சிரிப்பு! ஒருத்தி எல்லாச் சின்னத்துக்கும் போட்டாள். "ஆரையும் நோவிக்க ஏலாதே" என்றாள். இன்னொருத்தி கேத்தலுக்குக் கைப்பிடி இல்லையென்று அதைக் கீறிவிட்டுத்தான் புள்ளடி போட்டாள். மாமி சிரித்தார். அந்த மாரிக்குப் பிறகு நான் முதல்முறை கண்ட சிரிப்பு.

"நீங்களும் போடுங்க ராத்தா" என்று யாரோ மன்னார் ராத்தாவிடம் சொன்னார்கள்.

"எண்ட பேரு ஊர்லதான் இருக்கு. இங்க எனக்கு வோட்டில்ல" என்று அவர் ரின்னைத் திறந்து தாள்களை வெளியே எடுக்கத் தொடங்கினார்.

வாக்காளர் அட்டைகள் வந்தன. கணக்கப்பிள்ளையும் வந்தார். வாப்பா தன்னுடையதையும் உம்மாவுடையதையும் எடுத்துக் கொடுத்தார். மாமியுடையதைத் தேடினார்.

"அது எண்டட்ட இருக்கு நானா."

"எடுத்துத் தா."

"தரமாட்டன். எண்ட பேரு அதுல இருக்கு."

வாப்பா கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் தலையைத் தடவிக்கொண்டு வெளியே போனார். கணக்கப்பிள்ளை, "ஒரு காட்தானே, போகட்டும்" என்று சிரித்தார். பிறகு உம்மாவின் அட்டையை ஆட்டிக் காட்டி, "மதினி, உங்கட வோட்ட இந்த முற எண்ட மச்சினன் போடப்போறான். அவனுக்கு உங்கட சீல ஒண்டு குடுத்து விடுங்க" என்றார். பகிடிதான். உம்மா உள்ளே போய், கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினார்.

அட்டைகள் போய்விட்டன என்று மற்றப் பெண்களும் சோர்ந்துபோனார்கள். மன்னார் ராத்தாதான் சொன்னார்: "காட் இல்லாட்டியும் போடலாம். பேரு வாக்காளர் இடாப்புல இருந்தாச் சரி. ஆனா அவங்க போட முந்திப் போகோணும்."

தேர்தலன்று விடியற்காலை சுபஹு தொழுததும் பெண்கள் புறப்பட்டார்கள். வாக்களிப்பு நிலையம் பெரிய தெருவுக்கு அந்தப் பக்கமிருந்த பாடசாலை. மணலில் நல்ல நடை. முக்காடுகளைக் கச்சான் இழுத்துக்கொண்டு போக, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பிள்ளைகளை எல்லாம் மன்னார் ராத்தாவிடம் வாடியில் விட்டார்கள். உம்மா போகவில்லை. எனக்கு ஆத்திரம்.

வெயில் ஏறத் தொடங்கியபோது உம்மா பாய்களில் நெத்தலி புரட்டுவதற்காக என்னோடு வாடிக்குப் போனார். மன்னார் ராத்தா இடுப்பில் ஒன்று, காலடியில் நாலைந்து என்று, ஊர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார். ஒரு கையால் காகத்தையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போகல்லையா ராத்தா?" என்று உம்மாவைக் கேட்டார்.

"எண்ட காட்டக் குடுத்தாச்சு. வீட்டுல அவருக்கும் விருப்பமில்ல."

மன்னார் ராத்தா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார். "எனக்கொண்டு இருந்திருந்தா ஓடிப் போயிருப்பன்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பசிக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

உம்மா கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார். தண்ணீர்ப் பரலில் கை கழுவினார். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். பிறகு ஓடினார். உம்மா ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் பின்னால் ஓடினேன்.

வழியில் சம்மாட்டியின் வான் மணலில் புதைந்து கிடந்தது. எங்கள் பெண்களின் பெயர்களில் வாக்குப் போடப் புறப்பட்ட பொடியன்கள் இறங்கி நின்று சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன பெண்களிடம் அவர்கள் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாமி நின்று அந்தச் சக்கரத்தைப் பார்த்தாராம். "வோட்டுப் போட்டுட்டு வந்து தள்ளுறம். அதுவரைக்கும் நீங்களும் இருந்து பாருங்க, எப்பிடி இருக்கெண்டு" என்றாராம். வாடியில் பல காலம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த கதை அது.

ஆனால் இரண்டு பொடியன்கள் சைக்கிளில் முன்னதாகவே போயிருந்தார்கள். உம்மா மூச்சு வாங்க மேசைக்கு முன்னால் நின்று பெயரைச் சொன்னபோது, எழுத்தர் இடாப்பைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. தலைமை அலுவலர் சிங்களவர், வயதானவர். எழும்பி வந்து தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, உங்கட வோட் போட்டிருக்கு."

"நான் போடல்ல."

"பேர் வெட்டியிருக்கு அம்மா."

உம்மா இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினார். பத்து விரல்களையும் விரித்து. உப்பும் மீனும் ஊறி வெளுத்த விரல்கள். "எங்க மை இருக்கெண்டு பாருங்க. எண்ட பேர்ல ஆர் வந்தது? நான் இங்கதானே நிக்கிறன்."

அந்நிய ஆண் ஒருவரிடம் உம்மா அவ்வளவு வார்த்தைகள் பேசி நான் கேட்டதில்லை. நீட்டிய கை இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த அலுவலர் கடைசியில், "இருங்க" என்றார். ஏதோ தாளில் கையொப்பம் வாங்கி, வேறு நிறத்தில் ஒரு வாக்குச்சீட்டுக் கொடுத்தார். உம்மா மறைப்புக்குள் போய் வந்தார். அந்தச் சீட்டை மட்டும் பெட்டியில் போடவிடாமல், அலுவலர் தானே வாங்கிக் கடித உறையில் வைத்தார்.

வெளியே மாமி நின்றார். உம்மாவைக் கண்டதும் வாயில் கைவைத்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது சொன்னபடி எல்லாப் பெண்களும் சேர்ந்து வானைத் தள்ளினார்கள். மாமிதான் முதலில் கைவைத்தார். வான் கிளம்பிப் போனபிறகும் கொஞ்சநேரம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் வாப்பா அடுப்பின்முன் இருந்தார். கருகிய ரொட்டியைச் சுரண்டி என் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போட்டியா?" என்று உம்மாவைக் கேட்டார்.

"போட்டன்."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரி, சாப்பிடு" என்றார்.

தபால்காரர் தோற்றார். சம்மாட்டி வென்று சபையின் தவிசாளருமானார். வாப்பா பல நாட்கள் சரியாக உறங்கவில்லை. வள்ளத்தை விட்டு இறங்கச் சொல்வார் என்று காத்திருந்தார். நடந்ததோ வேறு. பெண்கள் அவ்வளவு தூரம் மணலில் நடந்து வந்து வாக்களித்தது தனக்காகத்தான் என்று சம்மாட்டி நினைத்துவிட்டார்! வாடிக்கு ஒரு பெட்டி சோடா அனுப்பினார். பெண்கள் குடித்தார்கள். மன்னார் ராத்தாவுக்கு இரண்டு போத்தல் கொடுத்தார்கள்.

உம்மாவின் சீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஆசிரியையாகி, தேர்தல் கடமைக்குப் போன முதல் வருடத்தில்தான் அறிந்தேன், அந்த உறைக்குள் போகும் வாக்குகளைச் சாதாரணமாக எண்ணுவதில்லை. வழக்கு என்று வந்தால்தான் திறப்பார்கள். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். "எண்ணாட்டி போகட்டும். நான் போட்டது போட்டதுதானே" என்றார்.

தேர்தல் முடிந்த சில நாட்களில் தபால்காரர் அதே சைக்கிளில் வந்தார். தோற்றாலும் சொன்னபடி போய்க் கேட்கப்போவதாகச் சொன்னார். சீலைக்குப் பின்னாலிருந்து அல்ல, வாசலுக்கே வந்து நின்று மாமி சொன்னார்: "போகக்குள்ள சொல்லுங்க. நாங்களும் வாறம்."

அந்தப் பாதைக்குக் கிரவல் கல் விழ அதன்பிறகும் சில வருடங்கள் எடுத்தன. குடும்பநல மருத்துவிச்சி அதற்கு முந்தியே வாராவாரம் எங்கள் குடியிருப்புக்கு வரத் தொடங்கினார். தார் வந்தது நான் கலியாணம் முடித்துப் போனபிறகு. அதெல்லாம் பலமுறை போய், பலமுறை கேட்டு வந்தவை. நான் கூடப் போனது அந்த முதல்முறை மட்டும்தான்.

பஸ்ஸில் போனோம். பிரதேச சபை முற்றத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். மன்னார் ராத்தாவும் வந்திருந்தார். தபால்காரர் மனுவோடு முன்னால் நின்றார். சம்மாட்டி உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைச் சட்டையில், வாடியில் கண்ட ஆளைவிட உயரமாகத் தெரிந்தார். தபால்காரரைத் தாண்டிப் பெண்களைப் பார்த்தார். தன் வள்ளங்களில் போகிறவர்களின் பெண்சாதிகள். ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும். முகம் மாறியது.

"ஆரு உங்கள இங்க அனுப்பின?"

மாமி வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அவருக்குப் பக்கத்திலிருந்து உம்மா ஓரடி முன்னால் வந்தார்.

"எங்கள ஆரும் அனுப்பல்ல நானா. நாங்கதான் உங்கள இங்க அனுப்பியிருக்கம்."

சம்மாட்டி உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, வெட்கமா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. இன்றும் சொல்லத் தெரியவில்லை. பிறகு உள்ளே திரும்பிக் கதிரை கொண்டுவரச் சொன்னார். பியோன் தேடிப்பிடித்து இரண்டு மூன்று கதிரைகளைத்தான் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். நின்ற பெண்களோ அதைவிட எத்தனையோ மடங்கு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு யாரும் நகரவில்லை.

உம்மா போய் முதல் கதிரையில் உட்கார்ந்தார்.